சந்தனம் வைத்த மூடி

சங்ககிரியில் அர்த்தநாரி என்று ஒரு லாரி முதலாளி. டிரைவர் என்றாலே அவருக்கு டீசல் திருடன்தான். அதனால் தானே நின்று டேங்க்கை நிரப்பி, மூடி மேல் சந்தனத்தை அடை மாதிரி அப்பிவிடுவார். பார்ப்பவர்களுக்குப் பூஜை, டிரைவருக்குப் பூட்டு.

கொஞ்ச நாளாக அந்த லாரி ஓடும்போதே திடீரென்று நின்றுவிடும். சற்று நேரம் கிடந்தால் தானே கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் காட்டாது.

"சந்தனம் கலையாம, ஏன் நிக்குதுன்னு கண்டுபிடி மாரப்பா. இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ" என்றார் முதலாளி.

"நீங்களும் கூட வாங்க, காட்டிப் போடறேனுங்க" என்றான் டிரைவர் மாரப்பன்.

தொப்பூர் மேட்டில் லாரி நின்றது. நல்ல வெயில். மாரப்பன் குழாய் வைத்த தண்ணீர் கேனை நீட்டினான். முதலாளி குழாயைத் திருகினார். இரண்டு மடக்கு வந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது.

"மூடியத் தெறப்பா. உள்ள காத்துப் போனாத்தான தண்ணி வரும்?"

"இந்த மூடி மேலயும் சந்தனம் அப்பியிருக்குதுங்களே. தொட்டா என்னையத் தண்ணித் திருடன்னு சொல்லிப் போடுவீங்க."

முதலாளி கேனைப் பார்த்தார். டேங்க்கைப் பார்த்தார். அந்த மூடியிலும் காற்றுக்கென்று ஊசித்துளை ஒன்று உண்டு. அதன் மேல்தான் அவர் சந்தனம் காய்ந்து கிடந்தது. இறங்கி நகத்தால் சுரண்டினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. லாரி கிளம்பிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தோடு வந்த முதலாளி, டேங்க்கைத் தாண்டிப் போய் மாரப்பன் நெற்றியில் வைத்தார்.

"இங்க ஒண்ணும் அடைச்சுக்காதில்ல?" என்று ஒரு சந்தேகத்துக்குக் கேட்டும் வைத்தார்.