எலும்பு கூடாத நாட்கள்

பொற்கொடிக்கு இடதுகால் வலதுகாலைவிடக் குட்டை. சிறு வயதில் கணுக்காலுக்கு மேலே எலும்பில் சீழ் வைத்தது. அது ஆறுவதற்குள் அந்தக் கால் வளர்வதை நிறுத்திக்கொண்டுவிட்டது. இடது செருப்புக்கு அடியில் ரப்பர் அடுக்கி ஒட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு வேலைக்குப் போனாள். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்க வேண்டிய வேலை.

நாற்பது தாண்டியதும் முதுகு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இடுப்பு வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. திருநெல்வேலியில் டாக்டர் ரஹ்மத் நிஷா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலை நீட்டிவிடலாம் என்றார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பை அறுத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்களைப் பொருத்துவார்கள். தோலையும் எலும்பையும் துளைத்துப் போகும் கம்பிகள் அந்த வளையங்களைப் பிடித்துக்கொள்ளும். வளையங்களுக்கு நடுவில் உள்ள நட்டுகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் எலும்பு விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு ஊறி வரும்.

பொற்கொடி வாரந்தோறும் போய் உட்காரும் தியான மடம் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அங்கே இருந்த பெரியவர் காலமான பிறகு, அவருக்குச் சமையல் செய்துகொண்டிருந்த நல்லசிவத்தைத்தான் எல்லோரும் சாமி என்று அழைத்தார்கள். பொற்கொடியைவிடப் பத்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆபரேஷனுக்கு முன்பு அவரிடம் போய்க் கேட்டாள்.

"உடம்பு நிலையில்லைன்னு இங்க வந்து உக்காந்துட்டு, கால் நீளணும்னு ஆசைப்படலாமா சாமி?"

"படி ஏற முடியலைன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"அப்போ போய்ப் பாருங்க."

அவள் போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நட்டு திருப்பும் வேலையைக் கணவன் சுடலைமுத்து எடுத்துக்கொண்டான். அவன் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் என்கிற செம்புக்கம்பிச் சுருள் கட்டுகிறவன். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை. ஆனாலும் முதல் நாள் ஸ்பேனரை நட்டில் வைத்து வைத்து எடுத்தான். மனைவியின் காலில் நட்டு திருப்புவதும் மோட்டாரில் திருப்புவதும் ஒன்றில்லை. ஒவ்வொரு நட்டிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான். புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவான்.

நடுவில் தொல்லைகள் வராமல் இல்லை. ஒரு கம்பி நுழைந்த இடம் சிவந்து நீர் வடிந்தது. காய்ச்சல் வந்தது. மாத்திரையில் அடங்கியது. பிறகு பாதம் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தது. துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அதை மேலே கொண்டுவந்தாள். இழுக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கால் நீண்டுகொண்டிருந்தது, அது போதும்.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மேலே வெள்ளையாக எலும்பு. கீழே வெள்ளையாக எலும்பு. நடுவில் கறுப்பு. அங்கே ஒன்றும் வரவில்லை.

சிலருக்கு எலும்பு மெதுவாகத்தான் வரும் என்றார் டாக்டர். இனி நட்டை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். விலக்கியதைக் கொஞ்சம் நெருக்கிக் கொடுத்தால் எலும்பு தூண்டப்படலாம். பிறகு முன்பைவிட மெதுவாக மறுபடி நீட்டிக்கொள்ளலாம். அப்படியும் வராவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அது இன்னொரு ஆபரேஷன்.

நாங்கள் எங்கே தப்பு செய்தோம் என்று பொற்கொடி கேட்டாள். தப்பு என்று எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றார் டாக்டர். பொற்கொடி அதை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமை விரதத்தை விடாமல் இருந்ததாலா. பால் பிடிக்கவில்லை என்று தள்ளி வைத்ததாலா. நடக்கச் சொன்ன அளவுக்கு நடக்கவில்லையோ. கூடுதலாக நடந்துவிட்டோமோ. ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அதைத் திருத்திக்கொள்ளலாம். அந்த எண்ணம் அவளை விடவில்லை. வீட்டுக்கு வந்தபோது சந்தேகப்பட மிச்சம் இருந்தது கணவனின் கை மட்டும்தான்.

"நீங்கதான் அளவுக்கு மேல திருப்பியிருக்கீங்க," என்றாள்.

சுடலைமுத்து கையில் இருந்த ஸ்பேனரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனான். அன்று நட்டைத் திருப்பவில்லை. மறுநாளும் இல்லை. அவன் சோறு வைத்தான், பாத்திரம் கழுவினான், வேலைக்குப் போய் வந்தான். ஸ்பேனர் வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்துத் தா என்று அவளும் கேட்கவில்லை. பாடுபட்டு நீட்டிய காலைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து குறைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த வாரம் அவள் மடத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாமியே வந்துவிட்டார். மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சுடலைமுத்து நிலைப்படியில் நின்றான்.

பொற்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். கணவனிடம் சொன்னதையும் மறைக்கவில்லை. கடைசியில் கேட்டாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் சாமி?"

சாமி அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மருந்து போட்டாச்சா அக்கா?"

"இன்னும் இல்லை."

"நான் போடுறேன். எப்படின்னு சொல்லித் தாங்க."

அவள் தயங்கினாள். அவர் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். சோப்புப் போட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். திருப்பி அனுப்பினாள். திரும்பி வந்தவர் கையைத் துண்டில் துடைக்கப் போனார். துடைக்கக் கூடாது, காற்றில் உலர விட வேண்டும் என்றாள்.

கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீர் இருந்தது. மருந்துத் துணி இருந்தது. ஒரு கம்பிக்குத் தொட்ட துணியை இன்னொரு கம்பிக்குத் தொடக் கூடாது. உள்ளிருந்து வெளியே துடைக்க வேண்டும். பொருக்கை நகத்தால் பெயர்க்கக் கூடாது. அவர் செய்யச் செய்ய அவள் திருத்திக்கொண்டே வந்தாள். சமையல் செய்த கை என்றாலும் இந்த வேலைக்குப் புதிய கை. இரண்டு தடவை துணியைக் கீழே போட்டார். அவள் அதட்டிப் புதுத் துணி எடுக்க வைத்தாள். நீர் வடிந்த அந்தப் பழைய இடம் வந்தபோது அவளே குனிந்து, சிவப்பு இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தாள். பாதத்தில் துண்டு மாட்டி இழுப்பதையும் சொல்லிக்கொடுத்தாள். அவர் இழுத்தது போதவில்லை. இன்னும் இழுங்கள், நான் அழுதாலும் விடாதீர்கள் என்றாள்.

அது முடிந்ததும் சாமி நிலைப்படிப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நட்டு எப்படித் திருப்புறதுன்னு நீங்க சொல்லுங்க."

சுடலைமுத்து அங்கிருந்தே சொன்னான். முதலில் இறுக்கு நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு சிவப்புப் புள்ளியைப் பார்க்க வேண்டும். புள்ளி நட்டின் ஒரு பக்க அளவு நகர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். சொல்லச் சொல்ல அவன் ஓரடி உள்ளே வந்தான். புள்ளி தாண்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சாமி கேட்டார்.

"தாண்டுனதே இல்லை," என்றான் சுடலைமுத்து.

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பியதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள். புள்ளி தாண்டவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

சாமி துணிகளைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. அதுல எங்க தப்பு இருந்துச்சு அக்கா?"

பொற்கொடி யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.

"இல்லை," என்றாள்.

"சரி."

"அப்போ எலும்பு ஏன் வரலை?"

"தெரியலை."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மீதி உப்புத் தண்ணீரை மூடி வைத்தார். வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். இனித் தேட ஒரு தப்பும் இல்லை என்று பொற்கொடிக்குப் பட்டது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அன்றுதான் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

"ஸ்பேனரை எடுங்க," என்று கணவனைப் பார்த்துச் சொன்னாள். "எதிர்ப்பக்கம். மறந்துராதீங்க."

சுடலைமுத்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினான். கையை உதறிக்கொண்டே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். முதல் நட்டைத் திருப்பும்போது, ஆரம்ப நாளில் செய்ததைப் போலவே ஸ்பேனரை வைத்து வைத்து எடுத்தான். பொற்கொடி அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அவன் முடிக்கிறவரைக்கும் எடுக்கவில்லை.

அவர்கள் திரும்பிப் பார்த்தபோது சாமி அடுப்படியில் மூன்று பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னுக்குத் திருப்பிய நாட்கள் சுலபமாகப் போகவில்லை. நீட்டியபோது இழுத்து வலித்த கால், நெருக்கியபோது அழுத்தி வலித்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார்கள். மறுபடி நீட்டச் சொன்னபோது முன்பைவிட மெதுவாக நீட்டினார்கள். பொற்கொடி விரதத்தை விட்டுவிட்டுப் பால் குடித்தாள். அதுதான் காரணம் என்று நினைத்து இல்லை. பசித்தது, குடித்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது எடுத்த படத்தில், கறுப்பாக இருந்த இடத்தில் மெல்லிய மூடுபனி படர்ந்ததைப் போல ஒரு வெண்மை தெரிந்தது. டாக்டர் ரஹ்மத் நிஷா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார். எலும்பு வந்துவிட்டது, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்றார். சுடலைமுத்து அந்தப் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். இருவரும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்தார்கள்.

அந்த வாரம் அவள் மடத்துக்குப் போனாள். வளையங்கள் இன்னும் காலில்தான் இருந்தன. எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படத்தைக் காட்டினாள். அவர் வாங்கி, எங்கே என்று கேட்டு, அவள் விரலால் காட்டிய இடத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல சாமி?"

சாமி படத்தை உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"ஏதாவது ஆச்சுன்னா சொல்லி விடுங்க அக்கா. வர்றேன்."