ஹூட் வைத்த மூன்று சட்டைகள்

நாச்சிமுத்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஐம்பத்தாறாவது வயதில் மலையேறக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. கோத்தகிரியில் பாறையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஆக்னஸிடம் போய்ச் சேர்ந்தார். ஆக்னஸுக்கு அவருடைய மகள் வயது. அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். ஆக்னஸ் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜனவரியில், ஆக்னஸ் அவரை வடக்கே பனிமலையில் இருக்கும் ஸ்பிதிக்கு அழைத்துப் போனார். அங்கே குளிர்காலத்தில் அருவிகள் உறைந்து நிற்கும். ஒருவர் இரண்டு கையிலும் சின்னக் கோடரியோடு பனிக்கட்டியைக் கொத்தி ஏற, இன்னொருவர் கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும்.

"மூணு நாள் சின்ன அருவி," என்றார் ஆக்னஸ். "நீங்க நடுங்காம நின்னு கயிறு பிடிச்சா நாலாவது நாள் பெரிய அருவி. நடுங்கினா டீ குடிச்சிட்டு ஊருக்குப் போயிடலாம்."

பெரிய அருவியின் படத்தை நாச்சிமுத்து இரண்டு வருடமாகப் பர்ஸில் வைத்திருந்தார்.

அவர் மூன்று உள்சட்டைகள் கொண்டு வந்திருந்தார். மூன்றும் உடம்போடு ஒட்டிக் கிடப்பவை, தலையை மூட ஹூட் வைத்தவை. ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அதற்கு மேல்தான். ஒன்று கம்பளி. ஒன்று பாலியஸ்டர். இரண்டும் கறுப்பு. மூன்றாவது சாம்பல் நிறம், அவரே வெட்டித் தைத்தது. ஹூட்டுக்கு இரண்டு அடுக்குத் துணி கொடுத்திருந்தார்.

"டீச்சர், இதுல எதைப் போடட்டுங்க?"

"திருப்பூர்க்காரருக்கு நான் துணி சொல்றதா? போட்டுப் பாருங்க."

முதல் நாள் கம்பளியைப் போட்டார். கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் சரிவில் ஏறினார்கள். அருவியடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நன்றாக வேர்த்திருந்தது. ஆக்னஸ் ஏறத் தொடங்கினார். பத்தே நிமிடத்தில் நாச்சிமுத்துவின் பற்கள் தந்தியடித்தன. ஆக்னஸ் பாதியில் இறங்கிவிட்டார்.

"கம்பளி சரியில்லைங்க. ஜிஎஸ்எம் ரொம்பக் கம்மி, துணியில கனமே இல்லீங்க," என்றார் நாச்சிமுத்து.

"சரி," என்றார் ஆக்னஸ்.

இரண்டாம் நாள் பாலியஸ்டர். அதே சரிவு, அதே வேர்வை, அதே நடுக்கம்.

"பாலியஸ்டர்னாலே இப்படித்தானுங்க. சும்மா பேருக்குத்தான் துணி."

"சரி."

மூன்றாம் நாள் அவரே தைத்ததைப் போட்டார். இரண்டு அடுக்கு ஹூட்டின் மேல் ஹெல்மெட் உட்காரவே மறுத்தது. அமுக்கி வைத்தார். ஆக்னஸ் மேலே பாதி தூரம் போயிருந்தார். திடீரென்று கயிறு இரண்டு முறை வெடுக்கென்று இழுபட்டது. நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஆக்னஸ் ஒரு கோடரியில் தொங்கிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து அவசரமாகக் கயிற்றைத் தளர்த்தி விட்டார்.

இறங்கி வந்த ஆக்னஸ் கையை உதறிக்கொண்டார். "ஏற கயிறு போதலை, தளர்த்தி விடுங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேன்."

"காதுல விழலீங்க."

"நடுக்கம்?"

"அதுவும் இருக்குதுங்க."

சாயங்காலம் தன் கூடாரத்தில் அடுப்பின் பக்கம் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மூன்று சட்டைகளும் முன்னால் கிடந்தன.

"மூணும் சரியில்லைங்க டீச்சர். நாளைக்கு ஊருக்கே போயிடலாமுங்க."

"போகலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை. சட்டைகளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க. உங்க விரலுக்குத் தெரியும்."

அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "காஞ்சிருக்குதுங்க. இன்னிக்குக் கழட்டினதுகூட லேசான ஈரந்தானுங்க."

"மூணு நாளா வேர்த்தீங்களே. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

நாச்சிமுத்து யோசித்தார். பிறகு ஜாக்கெட்டின் கழுத்துக்குள் கையை விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது.

"பனியன் ஈரமுங்க."

"அது ஒண்ணு இருக்கிறதா நீங்க சொல்லவே இல்லையே."

"இதைப் போயி என்னங்க சொல்றது? இது துணியில்லீங்க டீச்சர். பனியன்."

ஆக்னஸ் சிரித்துவிட்டார். "எத்தனை வருஷமா போடறீங்க?"

"வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்துங்க. கல்யாணத்தன்னிக்குப் பட்டுச் சட்டைக்குள்ள இதுதான். குடலிறக்க ஆபரேஷனுக்குத்தான் ஒரு தடவை கழட்டினாங்க. அந்த நர்ஸம்மாகிட்டயும் சண்டை போட்டனுங்க."

"அவ்வளவு நல்லதா?"

"நானே வெட்டினதுங்க. சுத்தமான காட்டன். வேர்வையை ஒரு சொட்டு வெளிய விடாது. அப்படியே குடிச்சு..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"குடிச்சு?" என்றார் ஆக்னஸ்.

"குடிச்சு வச்சுக்குமுங்க. ஈரம் அத்தனையும் உடம்பு மேலயே."

அவர் மூன்று சட்டைகளையும் மறுபடி கையில் எடுத்தார்.

"அப்ப நாளைக்கு மூணுல எதுங்க?"

"நாளைக்குப் பெரிய அருவியையே பார்த்துடலாம். சாம்பல் நிறத்தைத் தள்ளி வைங்க. நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கணும்."

"மீதி ரெண்டுல?"

ஆக்னஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

நாலாவது நாள். வெளிச்சம் முழுசாக வரவில்லை. நாச்சிமுத்து பனியனைக் கழற்றினார். கடைத்தெருவில் வெற்றுடம்போடு நிற்பதுபோல இருந்தது. அதை நாலாக மடித்துப் பையின் அடியில் வைத்தார். கைக்கு வந்த கறுப்புச் சட்டையை, எதுவென்று பாராமல், வெறும் உடம்பில் மாட்டினார். ஹூட்டைத் தலையில் இழுத்து, அதன் மேல் ஹெல்மெட்டை வைத்து வாரை இறுக்கினார்.

பெரிய அருவி நீலமாக நின்றது. ஏறி வந்ததில் நாச்சிமுத்துவுக்கு வேர்த்திருந்தது. ஆக்னஸ் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோடரியை ஓங்கினார்.

நாற்பது நிமிடம். கோடரி விழும் சத்தம் நாச்சிமுத்துவுக்குக் கேட்டது. பனிக்கட்டித் துண்டுகள் உதிர்வது கேட்டது. ஆக்னஸின் மூச்சுக்கூடக் கேட்பதுபோல இருந்தது. "கயிறு," என்று மேலிருந்து சாதாரணக் குரலில் வந்தது. விட்டார். "இறுக்குங்க." இறுக்கினார்.

பிறகு அவர் முறை. இரண்டு தடவை கால் வழுக்கியது. ஒரு தடவை கோடரி பிடிக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்திருந்தது. கீழே பள்ளத்தாக்கில் ஆறு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுங்கலீங்க டீச்சர்."

"பார்த்தேன்."

"ஆனா ஒண்ணு. கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லை. கம்பளியா, பாலியஸ்டரா? ரெண்டுல எதுங்க நல்லது?"

"இப்ப எதைப் போட்டிருக்கீங்க?"

எது என்று நாச்சிமுத்துவுக்கே தெரியவில்லை. கையுறையைக் கழற்றினார். கழுத்தோரத்தில் துணியைத் தடவிப் பார்க்க விரலைக் கொண்டுபோனார்.

ஆக்னஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாமச் சொல்லுங்க."