வெள்ளச்சி கண்ட சத்து

மலைப்பாதை வளைவு ஒன்றில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. பக்கத்திலேயே ஒரு விடுதி. அதன் முன்வாசலில் கார்கள் வந்து நிற்கும். பின்பக்கப் பாறையில் சமையல்காரர் மீந்துபோன காய்களைக் கொட்டுவார். வெந்த பூசணி, பீன்ஸ், கேரட், கொஞ்சம் கீரை. கூட்டம் பின்பக்கத்தில்தான் வயிறு வளர்த்தது.

வெள்ளச்சி என்ற மந்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவளுக்குத் தலைச்சன் குட்டி பிறந்திருந்தது. சுண்டு என்று பெயர் வைத்துக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தாள். கொட்டிய காயைத் தன் பிள்ளை பொறுக்கித் தின்பதாவது என்று அவளுக்கு ஆத்திரம்.

ஒருநாள் விடுதி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பெண் தன் குழந்தைக்கு வெந்த காயை ஊட்டினாள். அது துப்பியது. அதட்டினாள், கையை ஓங்கினாள், குழந்தை வீறிட்டது. கடைசியில் பளபளக்கிற தாளைப் பிரித்து ஒரு சாக்லேட்டைக் கொடுத்தாள். அழுகை நின்றுவிட்டது. வெள்ளச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாதி பார்த்தவர்களுக்கு இப்படித்தான் முழுசாக விளங்கிவிடும்!

அன்றிலிருந்து முன்வாசலே கதி என்று கிடந்தாள். பல்லைக் காட்டினாள், கையை நீட்டினாள். ஆளாளுக்குச் சாக்லேட் வீசினார்கள். தானும் தின்று சுண்டுவுக்கும் ஊட்டினாள். தின்ற சூட்டில் சுண்டு கிளைக்குக் கிளை பாயும். கொஞ்ச நேரத்தில் துவண்டு படுத்துவிடும். உடனே இன்னொரு துண்டு கொடுப்பாள்.

அவள் நாத்தனார் மொட்டச்சிக்கும் ஒரு கைக்குட்டி உண்டு. பூசணி தின்று வளர்ந்த அந்தக் குட்டி ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லாமல் தாய் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். அதைக் காட்டி வெள்ளச்சி கேலி செய்வாள். மொட்டச்சி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்.

"ஆட்டம் போடுறதைப் பார்த்து ஏமாந்து போகாதே மதினி. உன் வயித்தைப் பிடிச்சுத் தொங்குதா, அதைப் பாரு."

குரங்குச் சாதியில் அதுதான் முறை. மரம் தாவும்போது தாய்க்குக் கையும் காலும் கிளைக்கு வேண்டும். குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் உயிர் போச்சு.

"மனுசங்க காயை அடிச்சு ஊட்டுறாங்க, சாக்லேட்டைக் கொஞ்சிக் கொடுக்குறாங்க" என்றாள் வெள்ளச்சி. "நல்ல பண்டத்தை ஊட்ட எவளாவது கை ஓங்குவாளா?"

மொட்டச்சி தன் குட்டியோடு பின்பக்கப் பாறைக்குப் போய்விட்டாள்.

நாளாக ஆக வெள்ளச்சிக்குப் பால் வற்றியது. சுண்டுவின் ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, விரல்கள் குச்சியாயின. பிள்ளை உயரம் போடுகிறான், அதனால்தான் இளைத்திருக்கிறான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாவி, வேறு என்ன செய்வாள்!

ஒரு சாயங்காலம் சிறுத்தை வந்தது. காவல் குரங்கு கத்தியதும் கூட்டம் முழுவதும் பள்ளத்தைத் தாண்டி எதிர்க்கரை மரங்களுக்குத் தாவியது. மொட்டச்சி தாவினாள். அவள் குட்டி உடும்பாக ஒட்டியிருந்தது. வெள்ளச்சி இருந்த மரத்தின் அடியில் சிறுத்தை கால் வைத்துவிட்டது. வெள்ளச்சி சுண்டுவை வயிற்றோடு சேர்த்து அணைத்து, "கெட்டியாப் பிடிச்சுக்கடா!" என்று சொல்லிவிட்டுத் தாவினாள்.

பாதி வழியிலேயே வயிற்றில் பாரம் இல்லை. கிளையைப் பற்றுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே புதர் ஒருமுறை அசைந்தது. சிறுத்தை மரத்தை விட்டு அங்கே இறங்கிப் போனது.

அவளும் இறங்கப் பார்த்தாள். மொட்டச்சி இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சத்துன்னு நினைச்சுத்தானே கொடுத்தேன்" என்று வெள்ளச்சி திரும்பத் திரும்பக் கேட்டாள். மொட்டச்சி தன் குட்டியைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளையின் அழுகையை நிறுத்துவதெல்லாம் பிள்ளையை வளர்க்கிற உணவு ஆகிவிடாது.