இருளாயி காட்டிய ஆள்

பொருளாதார நிபுணர்களுக்குப் பசிக்காது என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட பெரும் பிழை. தீர ஆராய்ந்ததில், பகல் ஒரு மணிக்கு அவர்களுக்கும் பசிக்கிறது.

கீழப்பொட்டலில் வெளிநாட்டு உதவியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடும் கூடத்தைத் தொடரலாமா என்று ஆராய வந்தார் பொருளாதார நிபுணர் டாக்டர் அம்பலவாணன். அவருக்கும் அங்கேதான் சாப்பாடு. ஐந்தாம் நாள் இலையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"இலவசச் சோறு மனுசனைச் சோம்பேறியாக்கும்மா. வறுமை ஒழியாது. அப்படி ஆகாத ஒரே ஒரு ஆளைக் காட்டு, கூடத்தை மூடச் சொல்லி எழுதமாட்டேன்."

மூடினால் அறுபது பிள்ளைகளுக்கு மதியம் பச்சைத் தண்ணீர்தான். சமையற்காரி இருளாயி நிதானமாக ரசம் ஊற்றினாள்.

"காட்டுறேன் சார். அஞ்சு நாளா இங்க ஓசிச் சோறுதான் சாப்பிடுறாரு. ஆனாலும் கோழி கூவுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு எழுத உக்காந்துடுறாரு. பேரு அம்பலவாணன்."

வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். "கெட்டிக்காரிதான்" என்று இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினார். எழுந்திருக்கும்போது, மறுபடியும் வருவேன் என்று பொருள்பட, இலையைத் தன் பக்கமாக முறைப்படி மடித்தார்.

ஆடியில் கூடம் மூடப்பட்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சுவையான உணவுக்காக இருளாயிக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருந்தது.