கையை அழுத்தும் கோமு

இது உன் செண்பகம் அத்தை சொன்ன கதை. தீக்காயம் பட்டவங்களுக்குத் தோல் வளர்க்குற ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தாங்களே, அவங்கதான். வருஷக்கணக்கா இதை நான் முழுசா நம்பினதில்ல. ஆனாலும் கேளு. "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல... ஊருன்னா எங்கயோ இல்ல, உன் முழங்கைத் தோலுக்குள்ள ஒரு ஊரு. அதோட அடித்தெருவுல வடிவுன்னு ஒரு செல்லு. எப்பவும் தரையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே இருப்பா. பக்கத்து வீடு கோமு அக்கா.

அந்தத் தெருவுல வாயால சேதி சொன்னா செல்லாது. பக்கத்துல இருக்கவ கையை அழுத்தணும். சேதியும் ஒண்ணுதான்: தரையை விடு, மேல போ. மேல போனவ தட்டையாகி, காய்ஞ்சு, கூரை ஓடாயிடுவா. திரும்பி வந்தவ கிடையாது. கூரை தினம் தினம் உதிருது, ஆள் வேணும்ல? ம்?

கோமு அழுத்தினா. "போடி வடிவு, மேல நல்ல காத்து."

"நீ ஏன்க்கா போகல?"

"என் கையை யாரும் அழுத்தலையே!"

வடிவுக்கு மனசு ஒப்பல. பொளக்! ரெண்டாப் பிரிஞ்சா. இவ நின்னுக்கிட்டா, மக மேல போனா.

அப்புறம் கோமு மறுபடியும் அழுத்தினா. பொளக்! இன்னொரு மகளும் போனா.

"உங்க வீட்டுப் பிள்ளைங்க யாரும் போறதைக் காணோமே அக்கா?"

"வாய் ரொம்பத்தான் நீளுது உனக்கு."

மூணாவது தடவை வடிவு கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. பொளக், பொளக்னு பிறந்ததையெல்லாம் தன்னோடவே வச்சுக்கிட்டா. அதைப் பார்த்துத் தெருவே அப்படிச் செஞ்சுது. கீழ நிக்க இடமில்ல, மேல ஆளில்ல. அப்போ சரக்! கூரை வெடிச்சுது. தூசி உள்ள வந்துச்சு. ஊர்த் தண்ணி சொட்டுச் சொட்டா வெளிய போச்சு. "தாகமா இருக்கும்மா"ன்னு பிள்ளைங்க அழுதுச்சுங்க.

வடிவு தன் பலமெல்லாம் சேர்த்துக் கோமு கையை அழுத்தினா. "இப்போ நீ போ!"

கோமு அசையல. "அழுத்துனியா? தெரியலையே. அடுத்தவளை அழுத்துற கைக்கு அது உறைக்காதாம்டி."

வடிவு கூரையைப் பார்த்தா. பிள்ளைகளைப் பார்த்தா. பட்! தரையை விட்டா. ஏற ஏறச் சுண்ணாம்புச் சத்து கலந்த காத்து. உடம்பு தட்டையாச்சு, இறுகுச்சு. வெடிப்புல போய்ப் படுத்துக்கிட்டா. அவ பின்னாலயே வீட்டுக்கு ஒருத்தி ஏறுனா. சொட்டு நின்னுச்சு.

அவ்வளவுதான். கதை கண்ணை மூடிருச்சு, நீயும் மூடு. நேத்து அத்தைக்குப் போன் போட்டு இதை மட்டும் கேட்டேன்: "ஏன்க்கா, அந்தக் கோமுவுக்கு நெஜமாவே தெரியலையா, தெரியாத மாதிரி இருந்தாளா?"