மரத்தைப் பார்க்க வந்த எருமைகள்

பிராணிகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கனடாப் பக்கத்துப் பெரும் புல்வெளியில் ஒரு நீண்ட தடம் இருந்தது. காட்டெருமைகள் நடந்து நடந்து போட்ட தடம். பத்து நாள் நடந்தாலும் புல்லையும் வானத்தையும் தவிர ஒன்றும் தென்படாது. அதனால் வழியிலிருந்த குட்டி ஊர்களெல்லாம், போகிற வருகிறவர்களை நிறுத்த எதையாவது காட்டிப் பெருமையடித்துக்கொள்ளும். தவளை ஊரில் முந்நூறு பேர் சேர்ந்து பாடுகிற கச்சேரி. முயல் ஊரில் ஒரு வெள்ளைக் கல். நிலாவிலிருந்து விழுந்ததாம்! யார் பார்த்தது என்று கேட்டால் முயல்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அந்தப் புல்வெளி முழுக்க இருந்த ஒரே மரத்தில் ஓர் ஆந்தை குடியிருந்தாள். பொந்துக்குள் அவளுடைய நாலு குஞ்சுகள், இன்னும் பறக்கத் தெரியாதவை. மரத்தடியில் வளை தோண்டிக் குடியிருந்த தரை அணில்தான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. மரம் தடத்தைவிட்டு ரொம்பத் தள்ளி இருந்ததால் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அதுதான் ஆந்தைக்குத் தாங்கவில்லை.

“ஒரு கல்லுக்கு அவ்வளவு கூட்டம்! என் மரத்துக்கு என்னடி குறைச்சல்?” என்று பொருமினாள்.

“பச்சைப் பிள்ளைங்க இருக்கிற வீடு. நமக்கு எதுக்குக்கா கூட்டம்?” என்றாள் அணில்.

“உனக்குப் பொறாமை” என்று சொல்லிவிட்டு, ஆந்தை விருட்டென்று தடத்துக்குப் பறந்தாள். அங்கே காட்டெருமைக் கூட்டத்தின் தலைவர் முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, எங்க ஊருக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க. வேற எங்கேயும் இல்லாத அதிசயம் இருக்கு. மரம்!”

“மரமா? நாங்க பார்த்ததே இல்லையேம்மா. எல்லாரும் வரலாமா?”

“தாராளமா வாங்க! ஆசை தீரப் பார்த்துட்டுப் போங்க!”

எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று ஒரு வார்த்தை கேட்டாளா அந்தப் புண்ணியவதி? கேட்கவில்லை. எருமைகள் எப்படிப் பார்க்கும் என்றும் கேட்கவில்லை. எல்லோரும் தன்னைப்போலத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் காலை தரை அதிர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை எருமைகள். ஆந்தைக்குத் தலைகால் புரியவில்லை. உச்சிக் கிளையில் உட்கார்ந்து “வாங்க, வாங்க” என்று எல்லோரையும் வரவேற்றாள். தலைவர் நேராக மரத்தடிக்கு வந்தார், திரும்பினார், முதுகை மரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். மரம் கிடுகிடுவென்று ஆடியது.

“ஐயையோ! என்னண்ணே பண்றீங்க?”

“பார்க்கிறேம்மா. எங்களுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது. முதுகைக் கொடுத்துத் தேய்ச்சாத்தான் ஒண்ணைப் பார்த்த மாதிரி. அடடா, என்ன சொரசொரப்பு! டேய், எல்லாரும் வரிசையா வந்து பாருங்கடா!”

வந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். நூறாவது எருமை போனபோது பட்டை உரிந்துவிட்டது. ஆயிரமாவது போனபோது வேர் வெளியே தெரிந்தது. ஆந்தை “போதும், போதும்” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அத்தனை குளம்புச் சத்தத்தில் யார் காதில் விழும்? கேட்ட ஒன்றிரண்டு பேரும், உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்கள்.

மத்தியானம் மரம் சாய்ந்தது.

பொந்து பிளந்து நாலு குஞ்சுகளும் புல்லில் சிதறின. எருமைகள் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியாது. அணில் வளையிலிருந்து பாய்ந்து, குளம்புகளுக்கு நடுவே புகுந்து ஒரு குஞ்சைக் கவ்வி உள்ளே போட்டாள். திரும்ப ஓடி இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. நாலாவதை எடுக்க ஓடியபோது அது மிதிபட்டுப் போயிருந்தது. அணில் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பெற்றவளுக்கு அழுகைகூட வரவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இதென்ன, இதென்ன என்று தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

பொழுது சாய்கிற நேரத்தில் தலைவர் விடைபெற வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

“மனசு நிறைஞ்சு போச்சும்மா. இந்த மாதிரி ஒரு இடத்தை நாங்க பார்த்ததே இல்லை. அடுத்த வருஷம் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வர்றோம்” என்றார்.

ஆந்தை தரையில் கிடந்த மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இனிமே இதுதான் உன் வீடு, உள்ளே வாக்கா” என்று அணில் அவளை வளைக்குள் அழைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சொன்னபடியே வந்தார்கள். தரை அதிர்ந்ததும் வளைக்குள் இருந்த மூன்று பிள்ளைகளும் வெடவெடவென்று நடுங்கின. “வாலை ஆட்டிச் சத்தம் போடுற விஷப் பாம்பு இருக்கே, கிலுகிலுப்பைப் பாம்பு, அது மாதிரி சத்தம் போடுங்க. எவ்வளவு பெரிய எருமையானாலும் அதுக்குப் பயப்படும்” என்றாள் தாய். மூன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்று இரைந்தன. எருமைகள் மிரண்டு விலகிப் போய்விட்டன.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. அந்தப் புல்வெளி ஆந்தை இன்றுவரை அணில் தோண்டிய வளையில்தான் குடியிருக்கிறது. பட்டப்பகலிலும் வாசலில் நின்று, கண்ணை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. ஊர் ஊராக வேடிக்கை பார்த்துக்கொண்டு காரில் போகிறவர்கள், “ஐயோ, என்ன அழகு!” என்று இறங்கிக் கிட்டே போனால், உள்ளேயிருந்து குஞ்சுகள் பாம்பு மாதிரி இரைகின்றன.