தட்டிப் பார்த்த சம்பந்தி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். குலசாமி மேல் சத்தியம். போதாதென்றால் உங்கள் குலசாமி மேலும் சத்தியம்.

போன மாதம் தென்காசிப் பக்கம் தில்லைநாயகம் பிள்ளை தம் பழைய வீட்டைப் புதுப்பித்தார். மகளுக்கு நிச்சயம் பேச வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பொந்து வைத்த சிமெண்டுக் கல்லால் கூடத்தில் ஒரு சுவர் எழும்பிவிட்டது. அதன் தலையில்தான் தண்ணீர்த்தொட்டி உட்காரப் போகிறது. பொந்துகளுக்குள் கம்பியும் நிறுத்தியாயிற்று. கம்பியைச் சுற்றிக் காங்கிரீட் ஊற்றுவதுதான் பாக்கி.

கம்பிக்கு ஒரே உதறல். "ஏ பொந்து, நாம ரெண்டு பேரும் ஒட்டவே இல்லையே. தொட்டியில தண்ணி ஏறினா யாரை யாரு பிடிக்கிறது? கீழ ஆள் உட்கார்ந்திருந்தா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றது பொந்து. "நான் காலியா இருக்கப் பொறந்தவன். கேட்டா, கம்பி போட்ட சுவருன்னு சொல்லிக்கலாம்லா."

கொத்தனார் இசக்கி தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, பொந்தை ரொப்பணும். அது இறுகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பூச்சு முடியாது."

"பொந்துக்குள்ள எட்டிப் பார்க்கவா சம்பந்தி வாராரு? மேல மூடிட்டுப் பூசிரும் வே. வழுவழுன்னு இருக்கணும்."

"உங்க வீடு, உங்க சுவரு," என்று இசக்கி கரண்டியை எடுத்தார்.

பூச்சு ஏறியது, பட்டி ஏறியது, மயில்கழுத்து நிறத்தில் பெயிண்டும் ஏறியது. தொட்டியும் மேலே உட்கார்ந்தது. பூச்சுக்குத் தலைகால் புரியவில்லை.

"உள்ள யாரு முனகுறது?"

"நாந்தான், கம்பி. கொஞ்சம் காங்கிரீட்டுக்குச் சொல்லேன்."

"நீ பழைய குடை மாதிரி சாஞ்சு நில்லு. வாறவங்க பார்க்கப் போறது என் மூஞ்சியை. வாயைத் திறந்தே, கல்யாணம் நின்ன பாவம் உனக்கு."

வெள்ளிக்கிழமை சம்பந்தி சிவசைலம் பிள்ளை வந்தார். தேங்காய் மண்டிக்காரர். எதைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் அவர் கை சும்மா இருக்காது. சுவரோரம் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டே தட்டினார். டொக். கம்பி உயிரைக் கொடுத்துப் பொந்தில் மோதியது. டங்.

தில்லைநாயகம் அவசரமாக வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். கம்பியோ கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டது. தேங்காய் ஓட்டைத் தட்டியே உள்ளிருக்கும் அழுகலைச் சொல்லிவிடுகிற மனுஷர். இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பூச்சை உடைத்துத்தான் ஆகவேண்டும்.

சிவசைலம் பிள்ளை இன்னொரு தரம் தட்டினார். முகம் மலர்ந்தது.

"எங்க வீட்டுச் சுவரும் அச்சு அசல் இதே சத்தந்தான், சம்பந்தி. இனி ஜாதகம் எதுக்கு?"

தட்டு மாற்றினார்கள். சம்பந்தி கைகழுவ வேண்டுமே என்று மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிறைய நிறையச் சுவர் லேசாக நெளிந்தது. பெருமை தாங்காமல் பூச்சு வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பு உச்சியிலிருந்து தரைவரை ஒரே கோடாக ஓடியது.

சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். "இந்த டிசைன் புதுசா இருக்கே. கொத்தனாரை எங்க வீட்டுக்கும் அனுப்பும்."

நடந்தது இவ்வளவுதான். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கல்யாணப் பந்தி அந்தக் கூடத்தில்தானாம். எதிர்ச்சுவரோரம் நான் சொல்லிவைத்திருக்கிற இலை பறிபோய்விடும்.